நாயும் தொடரும்

பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போகிறவர்கள் உண்டு. ஒல்லாந்தரின் கல்லறைகளைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. விடியற்காலையிலேயே போய் நல்ல இறாலாகப் பார்த்து வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. நான் போனது ஒரு நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்காக.

குட்டி என் பேத்தியுடையது. நான்கு மாதம் ஆகிறது. சிப்பிப்பாறை ஜாதி என்று சொல்லிக் கொடுத்தார்கள். காதையும் வாலையும் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்; ஆனால் ஜாதியைப் பற்றி அதற்கே கவலை இல்லாதபோது எனக்கு என்ன என்று விட்டுவிட்டேன். குட்டியைத் தனியே வீட்டில் விட்டு வரமாட்டேன் என்று பேத்தி பிடிவாதம் பிடித்தாள். படகுத்துறைக்கு வந்த பிறகுதான், பறவைகள் மேயும் இடத்துக்கு நாயைக் கொண்டுபோவது நியாயமில்லை என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. “தாத்தா பார்த்துக்கொள்வார்” என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் படகேறிப் போனார்கள். கரையில் நானும் குட்டியும், எங்களுக்கு நடுவே ஆறு அடி நீளத்தில் ஒரு சிவப்பு நைலான் கயிறும் மிஞ்சினோம்.

சும்மா நிற்பானேன், கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டேன். புறப்பட்டேன் என்பது என் அபிப்பிராயம். குட்டியின் அபிப்பிராயம் வேறாக இருந்தது. எங்கோ கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. குட்டி அந்தத் திசையில் பாய்ந்தது. முன்னங்கால்கள் இரண்டும் அந்தரத்தில், கழுத்துப் பட்டை தொண்டையை நெரிக்க, கர்... கர்... என்று மூச்சு வாங்கிக்கொண்டு அது என்னை இழுத்தது. நான் அதை இழுத்தேன். தெருப் பையன்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்கள் சிரித்ததுதான் என் கோபத்துக்குக் காரணம் என்று இப்போது தெரிகிறது. கயிற்றைச் சுருட்டிப் பிடித்துப் பலமாக ஒரு வெட்டு வெட்டினேன். குட்டி ‘வீல்’ என்று கத்திக்கொண்டு மல்லாந்து விழுந்தது. எழுந்து என்னைப் பார்த்தது. வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டது. பையன்களின் சிரிப்பு நின்றுவிட்டது.

நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிர்ந்தார்.

“இன்னா ஐயா, குட்டி நடக்க மாட்டேங்குதா?”

“நடக்கிறது பெரியவரே, என்னோடுதான் நடக்கமாட்டேன் என்கிறது” என்றேன்.

“நீங்களும் வலிக்கிறீங்க, அதுவும் வலிக்குது. ரெண்டு பக்கமும் வலிச்சா இன்னா ஆவும்?” என்று கேட்டுவிட்டு, துறையில் கட்டியிருந்த படகைக் கையால் காட்டினார். “அந்தக் கயித்தைப் பாருங்க. இறுக்கிக் கட்டினா ஒரு அலைக்கு நிக்கும், ரெண்டு அலைக்கு நிக்கும், அப்பால அறுத்துக்கும். கொஞ்சம் தொய்ய விட்டுத்தான் கட்டணும். படகு எங்கியும் பூடாது.”

பிறகு எழுந்து வந்து கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். குட்டி கருவாட்டை நோக்கிப் பாய்ந்தது. அவர் இழுக்கவில்லை, நட்ட கம்பம்போல நின்றார். குட்டி முட்டிப் பார்த்தது, முனகிப் பார்த்தது, கடைசியில், ‘என்ன, இந்த ஆள் மரமாகிவிட்டானா?’ என்று திரும்பிப் பார்த்தது. திரும்பியதும் கயிறு தொய்ந்தது. தொய்ந்த அந்தக் கணத்திலேயே அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். மறுபடி பாய்ச்சல், மறுபடி கம்பம். மறுபடி தொய்வு, மறுபடி ஓர் அடி. அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தபோது, காய்ந்த நெத்திலி ஒன்றைப் பையன் ஒருவனிடம் கேட்டு வாங்கி அங்கேயே கொடுத்தார். கால் மணி நேரத்தில் பத்து அடி தூரம் போனார்கள். ஆனால் அந்தப் பத்து அடியில் கடைசி மூன்று அடி, கயிறு தரையைத் தொடும் அளவுக்குத் தொங்க, இருவரும் சேர்ந்து நடந்தார்கள்.

“அவ்ளோதான் படிப்பு” என்று கயிற்றை என்னிடம் நீட்டினார்.

“உங்கள் வீட்டில் நாய் உண்டோ?”

“ஒண்ணு கிடக்குது. அதுக்குக் கயிறே கிடையாது, ஐயா. துறை வரைக்கும் வரும். நான் திரும்பி வர்ற வரைக்கும் இங்கியே கிடக்கும்.”

அவர் சொன்ன ‘வலிக்கிறீங்க’ என்ற சொல் என்னை விடவில்லை. வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலிக்கிறார்கள். அதே சொல்தான் நோவுக்கும். இழுக்கிறவனுக்கு ஒரு பொருள். இழுபடுகிறவனுக்கு ஒரு பொருள். இதை யோசித்துக்கொண்டே போகும்போது இன்னொரு சொல் வந்து நின்றது. சங்கிலிக்குப் பழந்தமிழில் ‘தொடர்’ என்று பெயர். பின்னால் வருவதற்கும் தொடர்வது என்றுதான் பெயர். நாயைத் தொடரில் பிணைக்கலாம். நாய் தானாகவும் தொடரலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் எவ்வளவு என்பதைத்தான் நம் சரித்திரத்தில் கொஞ்சம் அளந்து பார்க்க ஆசைப்படுகிறேன்.

சங்கிலியில் கட்டிய நாய் நம் இலக்கியத்தில் வெகு சீக்கிரமே வந்துவிடுகிறது. கொண்டு வருகிறவன் ஓர் அரசன். சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானோடு போரிட்டுத் தோற்றான். குடவாயிற்கோட்டத்தில் சிறை வைத்தார்கள். இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் குடவாசல்தான் அது என்பார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். உடனே தரவில்லை, காலம் தாழ்த்திக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிய நீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அவன் சொன்ன பாட்டு புறநானூற்றில் 74-ஆம் பாட்டாக இருக்கிறது. சொல்லிவிட்டு உயிர் விட்டான் என்று பாட்டின் அடிக்குறிப்புச் சொல்கிறது. அந்தப் பாட்டில் அவன் தன்னை எதற்கு ஒப்பிடுகிறான் தெரியுமா? சங்கிலியால் பிணிக்கப்பட்டு வருந்தும் நாய்க்கு. சேர நாட்டை ஆண்டவனுக்குத் தன் அவமானத்தைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்கவில்லை.

பாட்டைப் படிக்கிறவர்கள் அரசனுக்காக இரங்குகிறார்கள். நானும் எத்தனையோ முறை இரங்கியிருக்கிறேன். அந்த உவமையில் ஒரு நாயும் இருக்கிறது என்பது பழவேற்காட்டுத் தெருவில் குட்டி மல்லாந்து விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இதற்கு நேர் எதிரான காட்சியும் அதே காலத்து இலக்கியத்தில் உண்டு. கபிலருடைய குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்களை வேட்டை நாய்கள் வளைத்துக்கொள்கின்றன. பெண்கள் நடுநடுங்கிப் போகிறார்கள். நாய்களுக்கு உரிய தலைவன் வருகிறான். அவர்கள் பயப்படுவதைக் கண்டு மெல்லிய இனிய வார்த்தைகள் பேசுகிறான். அங்கே நாய்கள் கட்டில்லாமல் முன்னே ஓடிவருகின்றன. உரியவன் பின்னே வருகிறான். காதல் கதைக்கு அது நல்ல ஆரம்பம்தான். ஆனால் நாலு பேர் நடமாடும் இடத்தில் நாய் தன் இஷ்டத்துக்கு ஓடினால் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்பதையும் கபிலர் மறைக்கவில்லை. கயிறே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை என்பதற்கு இந்தக் காட்சியே சாட்சி.

அப்படியானால் கயிறு எதற்கு? இதற்குப் பதில் சொல்லக்கூடிய நாய் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கல்லில் நிற்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனுடைய 34-ஆவது ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நட்ட கல் அது. எருமைகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுக் கருந்தேவக்கத்தி என்ற வீரன் மாண்டான். அவன் உருவத்துக்குப் பின்னே ஒரு நாயின் உருவம். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். மகேந்திரவர்மன் காலத்து மனிதர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? ஒரு நாயின் பெயர் தெரிகிறது. எஜமான் விழுந்த பிறகு கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க யாரும் இல்லை. அப்போதும் அது நின்றது. அதனால்தான் கல்லில் ஏறியது.

மூன்று நூற்றாண்டு கழித்து இன்னொரு நாய். பழவேற்காட்டிலிருந்து தென்மேற்கே போனால் அரக்கோணத்துக்கு அருகில் தக்கோலம் இருக்கிறது. 949-இல் அங்கே நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். எதிரே நின்றவர்கள் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும், அவனுடைய துணைவன் கங்க அரசன் பூதுகனும். பூதுகனின் வீரன் மணலேரன் என்பவன் அந்தப் போரில் பெரும் பேர் எடுத்தான். “வேண்டியதைக் கேள்” என்றான் அரசன். நாடு கேட்கலாம், பொன் கேட்கலாம். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை! பிறகு அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் சேர்ந்தே செத்தன. காளிக்காகக் கர்நாடகத்து ஆதகூரில் கல் நாட்டி, அதற்குப் பூசை செய்ய நிலமும் விட்டான். சோழர் குலத்துக்கு மாறாத துயரத்தைக் கொடுத்த தக்கோலப் போரைப் பற்றி நமக்குத் தகவல் தரும் முக்கியமான சாசனங்களில் ஒன்று, ஒரு நாயின் கல்.

நம் தேசத்து நாய்களுக்குக் கடல் கடந்தும் பெயர் இருந்தது. பாபிலோனை ஆண்ட பாரசீக அதிகாரி தன் இந்திய நாய்களுக்குத் தீனி போடும் பொறுப்பை நான்கு பெரிய கிராமங்களுக்கு விட்டு, அவற்றுக்கு மற்ற வரிகளைத் தள்ளிவிட்டான் என்று கிரேக்க ஆசிரியர் ஹெரடோட்டஸ் எழுதுகிறார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்த ஜீனோன் என்ற கிரேக்க அதிகாரியின் இந்திய நாய் டாவ்ரோன், எஜமானைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்றிவிட்டுச் செத்தது. அதன் கல்லறைக்காக எழுதிய இரண்டு கவிதைகள் பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கின்றன. இந்த நாய்களை யாரும் கயிற்றில் பிடித்ததே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. வேட்டை தொடங்கும் வரை பிடித்துத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் கல்லிலும் தாளிலும் எழுதி வைத்தது கயிற்றைப் பற்றி அல்ல. கயிறு விட்ட பிறகு அவை செய்ததைப் பற்றி.

கயிற்றைப் பிடித்த மனிதனுக்குச் சரித்திரத்தில் இடம் உண்டா? ஒரே ஓர் இடம் எனக்குத் தெரியும். வெள்ளைக்காரர் ஆட்சியில் துரைகள் வீட்டு நாய்களைப் பார்த்துக்கொள்ளத் தனி வேலைக்காரன் உண்டு. வடக்கே அவனுக்கு ‘டோரியா’ என்று பெயர். யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளியான ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ அகராதியில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. டோர், டோரி என்றால் கயிறு. அதிலிருந்து வந்த பெயர். நாய்க்குத் துரை வைத்த பெயர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனவனுக்குக் கயிற்றின் பெயர்தான் மிஞ்சியது. அந்தக் கயிற்றில் கட்டுண்டிருந்தது எந்த முனை என்று வாசகர்களே சொல்லட்டும்.

இதையெல்லாம் நான் பிற்பாடு வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். அன்று பெரியவரிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு, நின்று நின்று ஒருவழியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு. எலும்பு என்றால் நாய்க்குச் சந்தோஷமாக இருக்கவேண்டும், குட்டி குரைத்தது. உள்ளே ஒல்லாந்து வியாபாரிகளும் அவர்களுடைய மனைவி மக்களும் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து படுத்திருக்கிறார்கள். தலைமாட்டில் குலச்சின்னம், பிறந்த ஊர், இறந்த தேதி எல்லாம் கல்லில் அழகாக வெட்டியிருக்கிறது.

அவர்கள் 1610-இல் விஜயநகர அரசனின் அனுமதியோடு இங்கே கடை விரித்தார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு இதுதான் தலைநகர். இங்கிருந்து துணி போயிற்று, வெடிமருந்து போயிற்று. மனிதர்களும் போனார்கள். 1621-க்கும் 1665-க்கும் இடையில் 131 கப்பல்களில் 38,441 பேர் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் பழவேற்காட்டின் வழியாகப் பத்தாவியாவுக்குப் போனவர்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் தொகை ஏறும். மழை பெய்தால் இறங்கும். பிள்ளையை விற்றுப் பசியாறிய தாய் தகப்பன்மாரும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார்கள். முப்பத்தெட்டாயிரம் பேரில் ஒருவருக்கும் இங்கே கல் இல்லை. பெயரும் இல்லை. எண் மட்டும் இருக்கிறது. அந்தப் படகுத்துறைப் பக்கத்தில், கையில் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வலிக்கும்படி ஒரு வெட்டு வெட்டியவன் நான். நாய்க்குட்டியையும் அந்த மனிதர்களையும் ஒரே தராசில் வைக்கவில்லை. வைத்தால் அது பெரும் பிழை. கயிறு கையில் இருக்கும்போது மனிதனுக்கு என்ன புத்தி வருகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

நாய்ப் பயிற்சிக்கும் இந்தப் புத்தியிலிருந்து வெளியே வர வெகு காலம் பிடித்தது. ஜெர்மானியப் போலீஸ் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1910-இல் எழுதிய கைப்புத்தகம் உலகமெங்கும் பேர் பெற்றது. தப்புச் செய்தால் கயிற்றைச் சுண்டு, சரியாகச் செய்தால் தட்டிக்கொடு என்பது அவருடைய முறை. இங்கிலாந்தின் வேட்டைக்காரர்களோ இளம் நாயைப் பழகிய கிழ நாயோடு கழுத்துப் பட்டைக்குப் பட்டை சேர்த்துப் பிணைத்து நடத்துவார்கள். நம் குடியானவர்கள் புது மாட்டைப் பழகிய மாட்டோடு நுகத்தில் பூட்டுவதும் இதே சங்கதிதான். 1951 டிசம்பரில் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஸ்கின்னர் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் மிருகங்களுக்குக் கற்பிப்பதைப் பற்றி எழுதினார். தண்டனை தேவையில்லை, வேண்டிய காரியத்தை அது செய்த கணத்திலேயே சன்மானம் கிடைக்கவேண்டும், தாமதமானால் பயன் போய்விடும் என்றார். நெத்திலி கொடுத்த பெரியவர் ஸ்கின்னரைப் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

யோசித்தால் விஷயம் சுலபம். குட்டி இழுக்கிறது, நாம் பின்னாலேயே போகிறோம். இழுத்தால் போக வேண்டிய இடம் வந்துசேரும் என்று நாம்தான் அதற்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். பிறகு அந்தப் பாடத்தை ஒழுங்காக ஒப்பித்ததற்காக அடிக்கிறோம். நாம் பதிலுக்கு இழுத்தால், கழுத்தில் இழுப்பு விழுந்ததும் எதிர்ப்பக்கம் உந்துவது அதன் உடம்பின் இயல்பு. இறுகினால் நிற்பது, தொய்ந்தால் நடப்பது, பக்கத்தில் வந்தால் ஒரு துணுக்குத் தின்பண்டம்: இவ்வளவே அதற்குப் புரியும் பாஷை.

வீட்டுக்கு வந்து அந்தப் பாஷையைப் படிக்க ஆரம்பித்தேன். முதல் நாலு நாள் வீட்டுக்குள்ளேயே, கழுத்தில் பட்டையும் தரையில் புரளும் கயிறுமாக விட்டேன். பிறகு மாடியில். பிறகுதான் தெரு. ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம், அதற்கு மேல் இல்லை. வழியில் முகர்ந்து பார்க்க ஆசைப்பட்டால், நாலு அடி ஒழுங்காக வந்ததற்குக் கூலியாக அதையும் அனுமதித்தேன். எதிர்வீட்டுக்காரர் நான் தெரு நடுவில் கம்பமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, “உடம்புக்கு ஏதாவது?” என்று விசாரித்தார். மூன்றாம் வாரத்தில் தெருமுனை வரை போய் வந்தோம். இடையில் ஒரு பூனை வந்தது. அன்றைக்குப் படித்ததெல்லாம் பூனையோடு போயிற்று. மறுநாள் மறுபடி ஆரம்பித்தோம்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று நான் வெட்டி இழுத்ததைக் குட்டி மறக்கவில்லை. இப்போதும் கயிற்றைக் கையில் சுருட்டினால் அதன் காதுகள் பின்னுக்கு மடிகின்றன. ஆகவே நான் சுருட்டுவதில்லை.

பேத்தியிடம் எடுத்தனூர்க் கதையைச் சொன்னேன். குட்டிக்கு அதுவரை இங்கிலீஷில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. கதை கேட்டவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள்.

“தாத்தா, அந்த நாய் ஓடிப் போயிருக்கலாமே. யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லையே?”

“போயிருக்கலாம்” என்றேன்.

மறுநாளிலிருந்து குட்டியின் பெயர் கோவிவன். கூப்பிடுவதற்குக் கோவி. கூப்பிட்டால் இரண்டு தடவைக்கு ஒரு தடவை வருகிறது.